செல்லக்கிளியின் காவிரிப் பாலம்

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூர்ச் செல்லக்கிளி ஜெயித்தெடுத்தவை இவை: பெண்பிள்ளை ஏறக்கூடாது என்று ஊரே சொன்ன சைக்கிள்; ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து விலை பேசிய காந்தி மார்க்கெட் வாழையிலை வரிசையில் ஓர் இடம்; காவிரிப் பாலத்தின் இடது ஓரம்; பாலத்தின் ஸ்ரீரங்கத்துப் பக்க முனையில், அதுவரை இல்லாத ஒரு பஸ் ஸ்டாப். கல்யாணமான வருஷமே தாலியை இழந்து அக்கா பவுனம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவளுக்கு இவற்றை யாரும் தாம்பாளத்தில் வைத்து நீட்டவில்லை.

சைக்கிளை மட்டும் ஒருத்தி கொடுத்தாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ-இந்தியப் பெண் டோரதி. செல்லக்கிளி அந்த வீட்டுக்கு வாழைக்காயும் வாழைப்பூவும் கூடையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். 1958-இல் டோரதியின் குடும்பம் கப்பலேறிச் சீமைக்குப் போனபோது, பெண்கள் ஓட்டும், நடுக்கம்பி இல்லாத தன் சைக்கிளைச் செல்லக்கிளி கையில் கொடுத்து, "வித்துடாதே, ஓட்டு" என்றாள். எல்லோரும் அதைக் கறுப்பு சைக்கிள் என்றுதான் சொல்வார்கள். நல்ல வெயிலில் வைத்துப் பார்த்தால் கரும்பச்சை.

கொள்ளிடக் கரைமேல் விழுந்தும் எழுந்தும் அவளாகவே பழகினாள். அக்கா வீட்டுத் தோட்டத்து வாழையிலைகளைக் கட்டாகக் கட்டி, பின் கேரியரில் குறுக்காக வைத்து, விடியும் முன்பே மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் இலை வாடாது. வரிசையில் இடமும் இருக்கும்.

அந்த நேரத்துப் பாலம் பூமியில் உள்ளதாகவே தோன்றாது. ஆற்றின் மேல் பனிமூட்டம் படிந்திருக்கும். இரண்டு கரையும் தெரியாது. முன்னால் பால்காரர்கள், பின்னால் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள் என்று ஒற்றை வரிசையாகச் சைக்கிள்கள். யார் என்று முகம் தெரியாது, மணிச் சத்தம் மட்டும் கேட்கும். இலைக்கட்டிலிருந்து ஈரம் சொட்டி அவள் குதிகாலை நனைக்கும். தான் மிதிப்பதுபோலவே இருக்காது அவளுக்கு. பாலம்தான் தண்ணீரோடு தண்ணீராகக் காலடியில் நழுவிப் போவதுபோல் இருக்கும். பாதிப் பாலம் கடந்ததும் இடது பக்கம் மூட்டம் விலகும். மலைக்கோட்டை அடிவாரம் இல்லாமல் வானத்தில் மிதந்துகொண்டு வரும். உச்சியில் ஒற்றை விளக்கு. வரிசையில் இருந்த அத்தனை பேரும் வலது கையை எடுத்து, உச்சிப் பிள்ளையாரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவளும் போட்டுக்கொள்வாள்.

அந்தக் கனவைக் கலைப்பது டவுன் பஸ். ஒரு பஸ்ஸும் ஒரு மாட்டு வண்டியும் எதிரெதிரே வந்தால் சைக்கிளுக்கு மிஞ்சுவது கைப்பிடிச் சுவர்தான். ஹார்ன் அடித்துக்கொண்டே உரசுவார்கள். இலைக்கட்டின் நுனி கிழியும். கிழிந்த இலையை மார்க்கெட்டில் யார் வாங்குவார்கள்?

"ஏ இலைக்கட்டு! வீட்ல ஆம்பளை இல்லையா?" என்று ஒரு கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்துவான்.

"இருக்காங்க, தூங்குறாங்க. நீ டிக்கெட்டைக் கிழி, என் இலையைக் கிழிக்காதே!" என்பாள் இவள்.

1961 ஆடிக் கடைசியில் ஒரு நாள், அவளுக்கு முன்னால் போன பால்காரர் பிச்சமுத்துவைப் பஸ் இடித்துத் தள்ளியது. அவர் கால் எலும்பு முறிந்தது. கவிழ்ந்த கேன்களிலிருந்து பால் பாலத்தின் ஓரமாக ஓடி, மழைத்தண்ணீர் போகும் துவாரம் வழியே வெள்ளை நூலாகக் காவிரியில் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் குடித்திருக்கிறான் என்றார்கள் சிலர். வெறி பிடித்தவன் என்றார்கள் சிலர். செல்லக்கிளி பார்த்தது வேறு. பஸ் தன்னைக் கடந்தபோது திறந்திருந்த படி வழியாக அவள் உள்ளே பார்த்திருந்தாள். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையும் கூப்பி, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நொடியில் பிச்சமுத்துவின் வலது கை கன்னத்தில் இருந்தது. பஸ் இடது பக்கம் சாய்ந்தது. சைக்கிள் வலது பக்கம் ஆடியது.

வீட்டில் பவுனம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "போதும்டி. நாளையிலேர்ந்து கட்டைத் தூக்கிக்கிட்டு பஸ்லயே போ."

"நம்ம ஊர்லேர்ந்து முதல் பஸ் போய்ச் சேர்றப்போ மார்க்கெட்ல பாதி இலை வித்துடும்க்கா. என் இடத்துல வேற ஆள் உட்கார்ந்துடுவான்."

"உட்காரட்டும். நீ உசுரோட இரு."

"எனக்கு ஒரு வாரம் கொடு. அதுக்குள்ள பாலம் சரியாகலைன்னா சைக்கிளை நானே வித்துடறேன்."

மறுநாள் மத்தியானம் ஸ்ரீரங்கம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். அந்த டிரைவர் பெயர் ரெங்கராஜ். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாலத்துல ரெண்டு கையையும் விட்டுட்டுக் கும்பிடறீங்க. நான் பார்த்தேன்."

ரெங்கராஜ் சிரித்தார். "பதினஞ்சு வருஷமா கும்பிடறேன் தங்கச்சி. அந்த நேரத்துல வண்டியை அவருதான் பிடிச்சுக்கறாரு."

"அப்போ பிச்சமுத்து அண்ணன் காலை ஏன் விட்டுட்டாரு?"

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. பக்கத்தில் இருந்த கண்டக்டர் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சும்மா இருடா" என்றார் ரெங்கராஜ். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒத்தைக் கையால கும்பிட மனசு வரலைம்மா" என்றார்.

"ஒத்தைக் கையால யாரு கும்பிடச் சொன்னா? நின்னு கும்பிடுங்க. பாலம் ஏறறதுக்கு முன்னாடி, ஆத்தோரம் ரெண்டு தென்னைக்கு நடுவுல மலை தெரியுது. காலையில போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன்."

"இல்லாத ஸ்டாப்புல நிறுத்தினா முதலாளி சீட்டைக் கிழிச்சுடுவாரு. நீங்க கலெக்டர் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்க. கூப்பிட்டுக் கேட்டா நடந்ததை நடந்தபடி நான் சொல்றேன்."

அன்று சாயங்காலமே பவுனம்மாள், தான் படித்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு, தங்கை சொல்லச் சொல்ல, பாலத்து முனையில் ஒரு ஸ்டாப்பும் சைக்கிள்களுக்குப் பாலத்தின் இடது ஓரமும் கேட்டு மனு எழுதினாள். சைக்கிள்காரர்களிடம் படித்துக் காட்டியபோது சண்டை வந்தது.

"பஸ்காரன் தப்பு சரி. நாமளும் கையை விட்டோம்னு எதுக்கு எழுதியிருக்கு?" என்றார் ஒர்க்‌ஷாப்பு வீரமலை.

"விட்டோமா இல்லையா?"

"விட்டோம். அதுக்காக?"

"அவரு மட்டும் நின்னு கும்பிட்டு, நாம நடுப்பாலத்துல ஆடிக்கிட்டே போனா யாரு அண்ணே விழறது? நாமளும் அங்கேயே இறங்கிக் கும்பிட்டுட்டு ஏறுவோம். அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு."

"அப்படின்னா முதல் பேரு உன்னுதா இருக்கட்டும். ரேகை வெச்சா ஆபீஸ்ல எவன் மதிப்பான்? கையெழுத்தா போடு, பின்னாடியே நாங்களும் போடறோம்."

அவள் அதுவரை எங்கேயும் பெருவிரலைத்தான் உருட்டியிருந்தாள். தோட்டத்தில் உட்கார்ந்து, விலைக்கு ஆகாத கிழிந்த இலைகளின் மேல் அக்கா எழுதிக் காட்டியபடி ஆணியால் தன் பெயரைக் கீறிப் பார்த்தாள். கீறும்போது ஒன்றும் தெரியாது. சற்று நேரம் கழித்து, பச்சைக்குள்ளிருந்து எழுத்துகள் பழுப்பாகத் தாமே எழுந்து வரும். கோணல் இருந்தால் அடுத்த இலை. மாட்டுக்குப் போட்ட இலையெல்லாம் அவள் பெயராகக் கிடந்தது.

பிறகு ஒரு விடியற்காலையில், பாலத்தின் முனையில், வீரமலை டார்ச் அடிக்க, டோரதியின் சைக்கிள் சீட்டின் மேல் மனுவை வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல், 'செல்லக்கிளி' என்று எழுதினாள். தேதி 1961 ஆகஸ்ட் பதினேழு, வியாழக்கிழமை.