புதுநன்மைக் கவுனின் விலை

கண்ணாடி போடாமல் விலைச்சீட்டு அடித்தது நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. தூத்துக்குடியில் என் ஜவுளிக்கடைக்கு, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை பெற்றுப் புதுநன்மை வாங்கும் பெண்பிள்ளைகளுக்கான வெள்ளைக் கவுன்கள் வந்திருந்தன. நான்காயிரத்து இருநூறு என்று அடிப்பதற்குப் பதில் இரண்டாயிரத்து நானூறு என்று அடித்து, எல்லாவற்றிலும் ஒட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

பெரியதாழையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளின் பள்ளிச் சீருடையை அளவுக்குக் கொண்டுவந்து, கவுன்கள்மேல் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்தார். பில் போடும்போது கணினி சரியான விலையைக் காட்டியது.

"சீட்டுல இருக்கத நம்பித்தான அண்ணாச்சி எடுத்தேன். கையில ரெண்டாயிரத்து ஐநூறுதான் இருக்கு. வார ஞாயித்துக்கெழம பூச," என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

வக்கீலாக இருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"விலைச்சீட்டு சும்மா ஒரு அழைப்பு மாதிரிதான், மாமா. பில் போடுததுக்கு முன்னால தப்புன்னு சொல்லிட்டா குடுக்க வேண்டியதில்ல."

அதோடு வைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? சீட்டில் விலைக்கு மேலே எம்.ஆர்.பி. என்று அச்சடித்திருக்கிறதே என்றேன். வாங்கிய சீட்டுச் சுருளே அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதை வாசித்ததில்லை.

"அப்ப வேற கத, மாமா. அதுக்கு மேல வாங்குனா குத்தம்பாங்க. ஆனா தவறுதலா ஒட்டுனதுன்னா... சரியாத் தெரியல."

இந்தத் 'தெரியல'வுக்கா அவனை அத்தனை வருஷம் படிக்க வைத்தார்கள் என்று எரிச்சலாக வந்தது. போனை வைத்துவிட்டு, "சீட்டு விலைக்கே எடுத்துக்கோங்கம்மா," என்றேன்.

அவர் கவுனைத் தொடவில்லை. "சட்டப்படி எனக்குச் சேர வேண்டியதுன்னா குடுங்க, அண்ணாச்சி. எரக்கப்பட்டுக் குடுக்கீயன்னா வேண்டாம். பிள்ள நன்மை வாங்கப்போற உடுப்பு."

வக்கீலுக்கே தெரியாததை நான் எங்கே போய்க் கேட்பது? "சட்டப்படிதாம்மா," என்றேன், பெரிய நீதிபதி மாதிரி.

அவர் போனதும் மற்ற கவுன்களின் சீட்டுகளை உரித்துச் சரியான விலையை ஒட்டினேன். தப்பைத் திருத்துகிறேனா, சற்றுமுன் நானே சொன்ன சட்டத்தை மீறுகிறேனா என்று விளங்கவில்லை. கை மட்டும் வேகமாக வேலை செய்தது.

இரண்டு நாள் கழித்து அதே ஊரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். "இந்தக் கவுனு சட்டப்படி ரெண்டாயிரத்து நானூறாம்லா? எங்க ஊர்க்காரி சொன்னா."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தேன். "அப்படி ஒரு விலையே இங்க இல்லையேம்மா," என்று சொல்லிவிட்டேன்.

புதுச் சீட்டை இருவரும் பார்த்தார்கள். "அவ பொய் சொல்ல மாட்டாளே, அண்ணாச்சி," என்றாள் ஒருத்தி.

"யாராச்சும் தர்மத்துக்கு எடுத்துக் குடுத்திருப்பாவ. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிச் சொல்லுதா," என்றாள் மற்றவள்.

"அவ சொன்னதுதாம்மா சரி. பொய் சொன்னது நான்," என்றேன்.

இரண்டு கவுனுக்கும் பழைய விலையிலேயே பில் போட்டேன். இந்த முறை சட்டத்தை யாரிடமும் கேட்கவில்லை.