தாரிணியின் காப்பாளர்

உயில் நகலை ஆத்திரத்தோடு மேசைமேல் வீசினாள் ஜலஜா.

அமீரகத்தின் புஜைராவில், சட்ட ஆலோசகர் மீராசாவின் அலுவலகம் அது. எண்ணெய்க் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கும் அவள் கணவன் பாஸ்கர் தயார் செய்யச் சொன்ன உயில்; ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபி. சொத்தெல்லாம் மனைவிக்கு என்றிருந்தது. அடுத்த வரிதான் நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியது: 'என் மறைவுக்குப் பின் மகள் தாரிணியின் காப்பாளர், என் அண்ணன் அருள்முருகன்.'

"அப்போ பெத்தவ நான் யாருங்க?"

"கத்தாத ஜலா," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்கர். "அண்ணன்தானே வீட்டுக்குப் பெரியவர்? அவரே கேட்டார். சும்மா ஒரு மரியாதைக்கு."

மரியாதை! ஜலஜாவின் அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். அன்று முதல் பெரியப்பா வைத்ததே சட்டம். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு?" என்று முடித்துவிட்டார். அவர் வாசலில் வாய் திறக்காமல் நின்றாள் அம்மா. தபால் வழியில் பி.காம். முடித்து, இன்று இதே ஊர்ப் பள்ளியில் கணக்கராக இருக்கிறாள் ஜலஜா. ஆனால் அந்த வாசலை அவள் மன்னிக்கவே இல்லை. இப்போது தாரிணிக்கும் ஒரு பெரியப்பா வாசலா?

மீராசா தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு பேரும் ஜோடியா எழுதறதுதானே மேடம், உங்க உயில்ல காப்பாளர் பாஸ்கர் சார்னு போட்டிருக்கேன்."

"அடிச்சிடுங்க. என் தங்கச்சி விஜின்னு போடுங்க."

பாஸ்கர் துள்ளி எழுந்தான். "பைத்தியமா உனக்கு? பெத்த அப்பன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவ யாரு?"

"சும்மா ஒரு மரியாதைக்குங்க."

மீராசா அவசரமாகச் சுலைமானித் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தார். பாஸ்கரின் போன் அடித்தது. அண்ணன்!

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நானே கேக்கறேன், எந்த உரிமையில கேட்டார்னு."

பாஸ்கர் அவள் முகத்தைப் பார்த்தான். பத்து வருடக் குடித்தனத்தில் அவன் காணாத முகம். போனை அணைத்தான்.

"மீராசா பாய், அந்த வரிய மாத்துங்க. தாரிணியோட அம்மான்னு போடுங்க."

"எனக்குப் பேரு இருக்கு," என்றாள் ஜலஜா.

"ஜலஜான்னு போடுங்க."

"உங்க உயில், மேடம்?"

"மொதல்ல அவர் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் விஜி பேர எடுக்கலாம்."

திருத்திய நகல் வந்தது. ஆங்கிலப் பக்கத்தை வரி வரியாகப் படித்தாள். கோபம் தணியவில்லை.

"அரபிப் பக்கத்தையும் வாசிச்சுச் சொல்லுங்க பாய்," என்றாள்.