மாலை போட்ட போர்டு

சாமிக்குப் படைத்த வாழைப்பழத்தைக் குரங்கு எடுத்துத் தின்றால், குரங்குக்குத் தீனி போட்டது யார்? படைத்தவரா, சாமியா, பார்த்துக்கொண்டு நின்ற மேனேஜரா? அந்த மேனேஜர் நான் என்பதால் கேட்கிறேன். இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மலேசியாவில் குவாலா சிலாங்கூர் பக்கம், ஆற்றோரமாக உள்ள ஒரு வனவிலங்குக் காப்பு நிலத்தை நிர்வகிப்பது என் வேலை. கண்டல் காடு, ஒரு குளம், பலகை நடைபாதை, கொக்குகள், நீர்நாய்கள், இரண்டு வகைக் குரங்குகள். சாம்பல் நிற லோத்தோங் சாது. இலையைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். கெரா எனப்படும் நீளவால் குரங்குக்குக் கைப்பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும்.

பிரசவ விடுப்பு முடிந்த கையோடு இந்தப் பொறுப்புக்கு வந்தேன். காலையில் என் மகன் கவின் தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். வாசல்வரை போய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பேன். வேலையிலும் நான் அப்படித்தான். இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளையவர்கள் இதை மனத்தில் வைத்துப் படிக்கவும்.

கோடு விழுந்த இடம்

எஸ்டேட் ரோடு முடியும் இடத்தில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. தகரக் கூரை, சூலம், அரிவாள், சுண்ணாம்பு அடித்த குதிரை, அவ்வளவுதான். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டபோதும் முனியை யாரும் அசைக்கவில்லை. பிறகு நிலம் அளந்தவர்கள் போட்ட எல்லைக் கோடு சரியாகக் கோயில் வாசலில் விழுந்துவிட்டது. சாமி நிற்பது எஸ்டேட் நிலம். அவருக்கு முன்னால் வாழையிலை போடும் சிமெண்ட் மேடை காப்பு நிலம். சாமி என் அதிகாரத்துக்கு வெளியே, படையல் உள்ளே.

வெள்ளிக்கிழமை பூசை மணி அடித்தால் கெராக்கள் எல்லாம் கோயில் கூரைக்கு வந்துவிடும்.

சேர்ந்த புதிதில், சாலையில் கார் அடித்துச் செத்த தாய்க் குரங்கு ஒன்றைப் பார்த்தேன். கார் ஜன்னலில் பழம் கிடைக்கும் என்று பழகிய குரங்கு. குட்டி அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் ரேஞ்சர் அஸ்மான்தான் அதைப் பிரித்தெடுத்தார். நான் அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். மறுநாள் ‘விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்’ என்று நான்கு மொழிகளில் போர்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

முதல் போர்டைக் கோயில் பக்கத்தில் நட நினைத்தேன். அஸ்மான் வந்து நின்றார். எஸ்டேட்டில் வளர்ந்த மலாய்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

“போஸ், நம்ம பசங்க குழி தோண்ட மாட்டேங்கிறாங்க. முனி இடமாம். நீங்க ஏதாச்சும் செஞ்சி குடுத்துட்டா தோண்டுவாங்க.”

எங்கள் வீட்டில் துணிக்கொடிக்குக் கம்பம் நட்டால்கூடச் சூடம் ஏற்றுவோம். எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தேன். பையன்கள் தோண்டினார்கள், போர்டு நின்றது. விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை எங்கே துடைப்பது என்று பார்த்தேன். சட்டை சீருடை. போர்டின் காலில் துடைத்தேன்.

போர்டு வளர்ந்த கதை

அடுத்த வெள்ளிக்கிழமை போர்டுக்கு மாலை விழுந்திருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அதன் காலடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். ‘உணவு கொடுக்காதீர்’ என்ற எழுத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு கெரா உரித்துக்கொண்டிருந்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்பவர் மணியம் அங்கிள். வாரநாளில் பள்ளி வேன் ஓட்டுவார். அவரிடம் போனேன்.

“அங்கிள், போர்டுக்கு யாரு மாலை போட்டது?”

“யாரு போடலன்னு கேளுமா. பின்னால பெயிண்ட்ல ஒரு நம்பர் போட்டிருக்கீங்கல்ல, அதை லாட்டரியில எடுத்தவனுக்குப் பரிசு விழுந்துருச்சி. சும்மா இருப்பானுங்களா?”

“அது எங்க ஆபீஸ் நம்பர். இது வெறும் போர்டுன்னு நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?”

“நான் எப்படிமா சொல்றது? நீதானே காவு கொடுத்து நட்டே.”

“அது எலுமிச்சம்பழம், அங்கிள்.”

“சைவக் காவு லா.”

“அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

“படிச்சேனே. விலங்குக்குக் கொடுக்கக்கூடாது. போர்டுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?”

திரும்பி வரும்போது, அந்த வரியையும் சேர்த்துப் புதுப் போர்டு செய்யலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். பிறகு போர்டையே பிடுங்கிவிட முடிவு செய்தேன்.

“பிடுங்கலாம் போஸ்,” என்றார் அஸ்மான். “முதல்ல நீங்க கை வைங்க.”

கவினை நினைத்துக்கொண்டேன். கை வைக்கவில்லை.

ஜீப்பில் வந்த படையல்

ஒரு வருடம் இப்படியே போனது. கவின் நடக்கத் தாமதமாகிக்கொண்டிருந்தான். கிளினிக் தாதி, “பிள்ளைக்கு அவசரமில்லை, அம்மாவுக்குத்தான் அவசரம்,” என்றார். நான் இணையத்தில் தேடித் தேடிப் பயந்தேன். என் மாமியார் எதையும் தேடவில்லை. பேரன் நடந்தால் ஒரு தார் வாழைப்பழம் என்று முனியிடம் வேண்டிக்கொண்டார். ஒரு புதன்கிழமை கவின் எழுந்து குப்பைக்கூடையை நோக்கி நடந்தான்.

“நடந்த முதல் வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருக்கேன்,” என்றார் அத்தை.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஷா ஆலாம் தலைமையகத்திலிருந்து எங்கள் மேலதிகாரி புவான் சலேஹா (புவான் என்றால் மலாயில் அம்மையார்), என்னை இந்தப் பதவியில் நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வருகிறார். வேண்டாம் என்று எழுதினால் ஷா ஆலாமில் மேசை வேலை. கவின் எழுவதற்கு முன் கிளம்பி, தூங்கிய பின் வரவேண்டும்.

“அத்தை, அடுத்த வாரம் வச்சுக்கலாமே.”

“சாமிகிட்ட நான் சொன்னது. உங்க ஆபீஸ்கிட்ட சொல்லலையே.”

“அப்ப கோயிலுக்குப் பின்னால, எஸ்டேட் பக்கம் வைங்க.”

“சாமிக்கு முதுகுப் பக்கம் படைக்கிறதா? புள்ள பின்னால நடக்கப் போறான்.”

வழி சொன்னவர் அஸ்மான். தாரை ஜீப்புக்குள்ளேயே வைப்பது. கோயில் முன் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிச் சாமிக்குக் காட்டி, உடனே ஏற்றிவிடுவது. குரங்குக்கு ஒரு பழம்கூடப் போகாது. அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன்.

“அம்மனே லோரியில ஊர்வலம் வருது. பழம் ஜீப்புல வந்தா என்ன?” என்றார்.

புவான் மதியத்துக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். கவின் என் இடுப்பில். மணி அடிக்க வேண்டாம் என்று மணியம் அங்கிளிடம் கெஞ்சியிருந்தேன். அவரும் சரி என்றார். ஆனால் சூடத்தைக் கையில் எடுத்ததும், பழக்க தோஷம், மற்ற கை மணியை அடித்துவிட்டது.

எங்கள் ஜீப்பின் பின்கதவு பூட்டாது. கயிறு போட்டுக் கட்டியிருப்போம். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு எப்போதும் நேரமாகும். கெராக்களுக்கு ஆகவில்லை. அஸ்மான் குடையை விரித்துக்கொண்டு ஒரு பக்கம் ஓட, அவை மறுபக்கம் ஏறின. தார் பின்சீட்டில் பிரிந்தது. பெரிய ஆண் குரங்கு ஒன்று ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் நடுவில் கை வைத்துச் சாப்பிட்டது. ஹார்ன் விடாமல் அடித்தது.

அந்தச் சத்தத்தில்தான், புவானின் கார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது எனக்குக் கேட்கவில்லை.

அவர் இறங்கி, துறைச் சின்னம் போட்ட ஜீப்பையும் அதற்குள் இருந்தவரையும் நிதானமாகப் பார்த்தார். மலாய் மொழியில் அஸ்மானிடம் கேட்டார்: “உங்கள் டிரைவரா?”

“ஆமாம், புவான்,” என்றார் அஸ்மான். “இன்னும் கன்ஃபர்ம் ஆகலை.”

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கவின் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தத்தித் தத்தி நடந்து போர்டின் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் கூப்பினான். மாலை போட்ட எதைக் கண்டாலும் அப்படிச் செய்ய அத்தை பழக்கியிருந்தார்.

புவான் அவன் பின்னால் போனார். போர்டைச் சுற்றி வந்து பார்த்தார். விரலால் தடவினார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

“எல்லா இடத்திலும் நம் போர்டைக் கிறுக்குகிறார்கள். வட்டிக்காரன் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டுகிறான். இதில் ஒரு கீறல்கூட இல்லையே. எப்படி?”

“சுற்றுவட்டார மக்கள் பார்த்துக்கொள்கிறார்கள், புவான்.” அது பொய்யில்லை.

“நல்லது. மற்ற போர்டுகளுக்கும் இங்கே செய்ததையே செய்யுங்கள்,” என்றார். காரில் ஏறும்போது, “பின்கதவுக்குப் பூட்டுப் போடுங்கள்,” என்றார்.

இப்போதைய நிலவரம்

போன வாரம் பதவி உறுதியானது. அத்தையிடம் சொன்னபோது அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. கவினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“தெரியும். வேண்டியிருந்தேன்ல.”

“முனிகிட்டயா?”

“முனிகிட்ட இப்பத்தான் ஒண்ணு கேட்டு வாங்குனோம். உடனே திரும்பப் போய் நின்னா நல்லாவா இருக்கும்? பக்கத்துல அந்தப் போர்டு சும்மாதானே நிக்குது. அதுகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

“என்ன தர்றதா வேண்டுனீங்க?”

“ஒரு தார்.”

நான் கற்ற பாடம் ஒன்றுதான். வேலை முடிந்தால் கையைச் சீருடையிலேயே துடைத்துக்கொள்ளுங்கள். கறை பட்டால் படட்டும்.

மற்றபடி, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நடப்பட வேண்டிய போர்டுகள் இன்னும் ஸ்டோரில் கிடக்கின்றன. சூடம் ஏற்றி நட்டால் வாழைப்பழம் வரும், ஏற்றாமல் நட்டால் ஸ்டிக்கர் வரும். அந்த முதல் போர்டிடம் என் பெயரில் ஒரு தார் பாக்கி நிற்கிறது. கொடுத்தால் நானே எழுதிய வரியை நானே மீறினவள். கொடுக்காவிட்டால், கவின் தடுக்கி விழும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் போர்டுதான் ஞாபகம் வரும். குரங்கு தொடாத, ஆனால் போர்டு கோபித்துக்கொள்ளாத படையல் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். எலுமிச்சம்பழம் மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும். அத்தை தாருக்குச் சொல்லிவிட்டார்.