கப்பலேறாத எட்டுப் பெட்டிகள்

இன்வாய்ஸில் ‘புதிய மரக் கைவினைப் பொருட்கள், எட்டுப் பெட்டி’ என்று இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் அப்போது நான் எக்ஸ்போர்ட் சூப்பர்வைசர். சரக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரமான ஷிப்பிங் பில்லைப் போடலாம் என்று பேக்கிங் நடக்கும் இடத்துக்குப் போனேன்.

அது கடலோரத்துப் பழைய அரண்மனை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரைக்கே தலைமை தாங்கிய குடும்பத்துடையது. முத்துக்குளிப்பு நின்றதும் வரும்படி போயிற்று. வாரிசுகள் பாகம் பிரித்தார்கள். ஒரு பாகம் உப்புக் கிடங்கானது. இன்னொன்று இடிந்து விழுந்தது. மிச்சமிருந்த மூன்று அறைகளில் பிலோமினா அம்மாள் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. தந்தச் சிலுவை, புனிதர்களின் மரச் சுரூபங்கள், ஆளுயர ஓவியங்கள் என்று அத்தனையும் அவர் பொறுப்பில் இருந்தன. மழையில் கூரை ஒழுகும்போதெல்லாம் ஓவியங்களை அறை அறையாக மாற்றிக் காப்பாற்றியவர் அவர். கஷ்டத்திலும் ஒன்றைக்கூட விற்கவில்லை.

இப்போது வெளிநாட்டிலிருந்த அவருடைய தம்பி, வீட்டையும் பொருட்களையும் வாங்க ஆள் பிடித்திருந்தார். ஏற்றுமதிப் பத்திரங்களில் அம்மாள் கையெழுத்துப் போட்டால் போதும்.

பேக் செய்யக் காத்திருந்த பெரிய ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டேன். நடுக்கடலில் தோணிகள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ஆட்கள். அரண்மனைக்காரர் யாரும் அதில் இல்லை. கீழே தமிழில் வரிசையாகப் பெயர்கள்: சவேரியான், தொம்மை, மம்மது, முத்துக்கருப்பன் என்று இருபதுக்கும் மேல். தன்னை வரைய வந்த ஓவியரிடம், மூச்சடக்கி இறங்குகிறவர்களை வரையச் சொன்னாராம் அம்மாளின் பாட்டனாருக்கு அப்பா.

அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. அதனால்தான் இன்வாய்ஸில் ‘புதியது’ என்று எழுதியிருக்கிறார்கள்.

“அப்ப நான் கையெழுத்து போட்டா பொய் சொல்லுதேன்னுதான அண்ணாச்சி அர்த்தம்?”

“ஆமாம்மா. கஸ்டம்ஸ்ல மாட்டாம போனாலும் போயிரும். ஆனா திரும்பி வராது.”

அம்மாள் என் முன்னாலேயே தம்பிக்குப் போன் போட்டார்.

“ஏலே, வீட்ட வித்துக்க. நான் குறுக்க நிக்கல. இந்தச் சாமான் மட்டும் போவாது. அந்தப் பேருகள விக்க நமக்கு உரிமை கெடையாது.”

ஆபீஸில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். “பார்ட்டி எழுதிக் குடுத்தத டைப் அடிக்கதுதான் வே நம்ம சோலி. நீரு என்ன கஸ்டம்ஸ் ஆபீசரா?” என்றார். மறுநாளே என்னை நிலக்கரி யார்டுக்கு மாற்றினார். இரண்டு வருஷம் தூசியில் கிடந்தேன்.

அரண்மனை விற்கப்பட்டு இடிபட்டது. அம்மாள் தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையில் சின்ன வாடகை வீட்டுக்குப் போனார். பொருட்களைத் தொல்லியல் துறையில் முறைப்படி பதிவு செய்து, கடற்கரை மாதா கோயில் மண்டபத்தில் ஊரார் பார்க்க வைத்தார். திறந்த அன்று நானும் போயிருந்தேன். துறைமுகத்தில் லாரி ஓட்டும் ஒருவர் ஓவியத்தின் கீழிருந்த பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்து ஒரு பெயரில் நிறுத்தினார்.

“எங்க வீட்ல பழைய போட்டோன்னு ஒண்ணுமே கெடையாதும்மா,” என்றார். “இது எங்க ஆளு.”

பிலோமினா அம்மாள் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பார்ட்டிக்குப் பொய்தான் வேண்டியிருக்கும் என்று நாமாக முடிவு கட்டக்கூடாது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டையே இழக்கப்போகிறவர்கூட உண்மையின் பக்கம் நிற்பார் என்பதை அந்த அம்மாளிடம்தான் தெரிந்துகொண்டேன்.