ஒல்லாந்தர் மதிலும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும்

பழைய கோட்டை காட்டுகிற தொழிலில் முதல் சிக்கல், காட்டுவதற்குக் கோட்டை இருக்காது என்பதுதான். உறவினர்களை ஆசை காட்டி ஒரு பழைய இடத்துக்கு அழைத்துப் போய், அங்கே பற்றைக்காடும் நாலு கல்லும் மட்டும் கிடக்க, அவர்கள் உங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் அனுபவித்திருந்தால் என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் முதல் பாதியில் சாவகச்சேரியில் ஒரு பயண முகவரிடம் வழிகாட்டியாக இருந்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் பகுதியில், ஆனையிறவிலிருந்து இயக்கச்சி வழியாகக் கிழக்குக் கடற்கரைப் பக்கமாக, ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஒருகாலத்தில் மூன்று சிறு கோட்டைகள் கட்டி எல்லை காத்தார்கள். வன்னியிலிருந்து தங்களைக் கேட்காமல் எவரும் உள்ளே வரக் கூடாது என்பது நோக்கம். ஆனையிறவில் இராணுவ முகாம் இருந்ததால் அந்தப் பக்கம் போவதில்லை. இயக்கச்சியில் தொடங்கிக் கடற்கரைப் பக்கமாக ஆட்களை நடத்திக்கொண்டு போவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. பாதி வழி மணல், மீதி வழி முள்.

இடுப்பளவு சாம்ராச்சியம்

முதலில் வந்தவர்கள் உரும்பிராயைச் சேர்ந்த இளைப்பாறிய உத்தியோகத்தர்கள். வான் பிடித்து, இடியப்பப் பார்சலோடு வந்தார்கள். வழி முழுவதும் பீரங்கி, காவற்காரர், யானை ஏற்றுமதி என்று நான் அளந்துகொண்டே வந்தேன். அது என் பிழைதான். இயக்கச்சியில் இறங்கிப் பனங்கூடலுக்குள் நடந்து, பற்றையை விலக்கிக் காட்டினால், இடுப்பளவு உயரத்தில், கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லில் ஒரு குவியல்.

எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செத்த வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் ஸ்டேசன் மாஸ்டர். குடையோடு குவியலை ஒருமுறை சுற்றி வந்தார். என் மனம் நோகக் கூடாது என்று மெல்லிய குரலில்தான் சொன்னார்: "எங்கடை ஒழுங்கையிலை கந்தையாவின்ரை வேலி இதிலும் பார்க்க உயரம், தம்பி."

இரண்டு படலை

அந்தக் குவியல் மதிலின் தெற்கு மூலை. வடக்கே தூரத்தில் இன்னும் சில கற்கள் உண்டு. நடுவில் ஒன்றுமில்லை. வீட்டு அத்திவாரத்துக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் போனது போக மிச்சம் அவ்வளவுதான். வெறும் நிலமாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் அதற்கு மேற்கே கனகம்மா அக்காவின் கத்தரித் தோட்டம், கிழக்கே அவருடைய தம்பி இராசதுரை அண்ணையின் புகையிலைத் தோட்டம். தகப்பன் காணியைப் பிரித்தபோது ஒல்லாந்தர் மதில்தான் எல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். மதிலும் போய்விட்டது.

வெறும் மண்ணுக்காக அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. மதில் காணாமல் போன அந்த இடத்தில்தான் ஒரு கிணறு இருந்தது. சுற்றுவட்டத்தில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். இது இல்லாவிட்டால் கத்தரியும் இல்லை, புகையிலையும் இல்லை. மதில் கிணற்றுக்குக் கிழக்கே ஓடியது என்றார் அக்கா. மேற்கே ஓடியது என்றார் அண்ணை. இருவரும் பேச்சை விட்டுப் பல வருடம். வழக்குப் பேச இருவரும் சாவகச்சேரியில் ஆளுக்கொரு அப்புக்காத்தையும் பார்த்து வைத்திருந்தார்கள். வழக்கென்று போனால் வென்றவருக்கும் தோட்டம் மிஞ்சாது என்பது இருவருக்கும் தெரியும்.

என்னுடைய பாதை இருவருடைய வேலிப் படலையையும் கடந்தே போக வேண்டும். ஆகவே வாரம் தவறாமல் இரண்டு விசாரணை. மதில் எங்கே ஓடியது என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. தெரியாது என்று சொன்னால் இருவரும் நம்பவில்லை. எதிராளிக்கு வேண்டியவன் என்று நினைத்தார்கள். ஒருநாள் கனகம்மா அக்கா படலையைப் பாதி திறந்தபடி கேட்டார்: "மதில் எங்கை எண்டு தெரியாமலோ தம்பி, நீர் கிழமைக்குக் கிழமை சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுறீர்?"

இணுவில் ஆசிரியைகள்

இணுவிலிலிருந்து சில ஆசிரியைகள் வந்தார்கள். குறிப்பெடுக்கப் பென்சில் வைத்திருந்ததைப் பார்த்து எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனால் என் விளக்கத்தின் நடுவில் வேலிக்கு அப்பாலிருந்து இராசதுரை அண்ணை தன் பக்க நியாயத்தைச் சொல்லத் தொடங்கினார். அவர் முடிக்க முதல் இந்தப் பக்கத்திலிருந்து அக்கா தொடங்கினார். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பதால் இருவரும் ஆசிரியைகளைப் பார்த்தே சொன்னார்கள்.

பிறகென்ன, ஆசிரியைகள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். வேலிச் சண்டை இல்லாத வீடு எங்கள் ஊர்களில் ஏது? ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வழக்கை நினைத்துக்கொண்டு வாதாடினார்கள். நான் குரலை உயர்த்தி, ஒல்லாந்தர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணத்துக்கு வந்தேன். அவர்களில் மூத்தவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்: "ஒல்லாந்தர் கிடக்கட்டும். முதல்லை வேலிக் கதியாலை நகர்த்தினது ஆர் எண்டு சொல்லும்."

முதலாளியின் யோசனை

ஆட்கள் குறை சொல்கிறார்கள், கோட்டை போதவில்லை என்கிறார்கள் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. மேசையில் விரலால் தாளம் போட்டபடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "நடையைக் குறை. சாப்பாட்டைக் கூட்டு."

மதில்காரர் வந்தார்

வைகாசி வெயிலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். கணவருக்கு ஊரில் மாட்டுப் பண்ணை. இடுப்பளவு கல்லுக்கு முகம் சுளிக்காமல் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். படலையடியில் கனகம்மா அக்கா வழக்கம்போல எந்த ஊர் ஆட்கள் என்று விசாரித்தார். ஒல்லாந்து என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, செம்பில் தண்ணீரோடு வந்து அவர் முன்னால் நின்றார். "தம்பி, இவரிட்டைக் கேளும். இவற்றை ஆக்கள் கட்டின மதில். எங்கை கட்டினவை எண்டு இவரே சொல்லட்டும்." இராசதுரை அண்ணையும் புகையிலைக்குள் இருந்து எழுந்து வந்துவிட்டார். "நல்லது, சொல்லட்டும். நானும் கேட்டுக்கொண்டு நிக்கிறன். உவவுக்கும் சொல்லும், இவர் சொன்னாப் பிறகு கதை மாத்தக் கூடாது" என்று தமக்கையைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

இன்றோடு யாராவது ஒருவருக்குக் கிணறு போய்விடும், மற்றவர் அடுத்த நாளே நீதிமன்றப் படியேறுவார். வேறு வழியின்றி, நடந்த கதை முழுவதையும் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குவியலிலிருந்து வடக்குக் கல் வரை நடந்து பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார். நான் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்:

"மதில் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வயலுக்கு வேலி இல்லை. இரண்டு பேருடைய நிலத்துக்கு நடுவில் வாய்க்கால் இருக்கும். தண்ணீரின் நடுதான் எல்லை. இந்தக் கரையில் என் மாடு குடிக்கும், அந்தக் கரையில் அவனுடைய மாடு குடிக்கும்."

இதில் புதிதாக ஒன்றுமில்லை. வேலி கிணற்றின் விளிம்பு வரை வந்து நின்று, மறுவிளிம்பிலிருந்து மீண்டும் தொடங்கும் பங்குக் கிணறுகள் எங்கள் ஊர்களில் எத்தனையோ. இருவருக்கும் அது தெரியும். ஆனால் அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தால் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்ததாகிவிடும். இதை மதிலுக்குச் சொந்தக்காரரே சொல்லிவிட்டார். தோற்றது நான்தான் என்று நினைக்க இருவருக்கும் இடமில்லை.

இராசதுரை அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே தமக்கையைப் பார்த்தார்.

"அக்கா, விடியப் பொயிலைக்கு நான் இறைக்கிறன். கத்தரிக்குப் பின்னேரம் நீ இறைக்கிறியோ?"

கனகம்மா அக்கா வெறுஞ் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கிணற்றைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "ஓமடா. முதல் உந்த மனிசனுக்கு ஒரு இளநி வெட்டு."

ஆடியில் கொழும்பில் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு சுற்றிப் பார்க்க ஒருவரும் வராமல் என் தொழில் முடிந்துபோனது. நான் அத்தனை பேருக்கும் காட்டித் திரிந்த ஒல்லாந்தர் எல்லையில், இதுதான் இடம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தக் கிணற்றின் நடு ஒன்றுதான்.