ஆகாதவரைத் தேடி அலைந்த பூவராகன் மாமா

பாஸ்போர்ட் படத்துக்காக ஒரு பெரியவரை ஸ்டூலில் உட்கார வைத்து, "மோவாயக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, மாமா எழுந்திரிக்கலடா" என்றாள். மாமா எப்போதும் தாமதமாக எழுகிற ஆள். அதனால் எனக்கு உறைக்கவில்லை. "தண்ணி தெளிச்சு எழுப்பு" என்றேன். "தெளிச்சுப் பாத்துட்டேன்டா" என்றாள். அப்போதுதான் புரிந்தது. பெரியவர் மோவாயைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, ஸ்டூடியோவின் ஷட்டரை இறக்கிக் கடலூர் பஸ் ஏறினேன்.

கடலூர் பூவராகனை உங்களில் பலருக்குப் புத்தகங்கள் மூலம் தெரியும். சிலர் அவரோடு டீக்கடையில் வாதாடியும் இருப்பீர்கள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தின் கதை, ஆற்று வெள்ளங்களின் கதை, நம் பக்கத்து மனிதர்களின் வாழ்க்கைக் கதை என்று எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் அக்கா வீட்டுக்காரர். அவர் புத்தகங்களில் வரும் படங்களை எடுத்தவன் நான். எழுத்து அவருடையது, அலைச்சல் இருவருக்கும் பொது.

அவர் எழுதியதைச் சரிபார்க்கும் இடம் கடலூர்-சிதம்பரம் பஸ். என் பக்கத்தில் உட்கார்ந்து சற்று உரக்கப் படிப்பார். முன் சீட்டில் இருப்பவர் தலையைத் திருப்பினால் அந்தப் பத்தி தேறிவிட்டது. ஆலப்பாக்கம் தாண்டியும் யாரும் திரும்பவில்லை என்றால் பேனாவை எடுத்து அடித்துவிடுவார். ஒருமுறை முன்னால் இருந்த அம்மாள் திரும்பி, "அப்பறம் அந்தக் கப்பல் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டார். மாமாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. சிதம்பரத்தில் நடந்த கூட்டம் ஒன்றில் ஒரு பேராசிரியர், இவரை எளிய வாசகர்களுக்காக எழுதுகிறவர் என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொன்னபோது, மாமா எழுந்து, "எளிய வாசகர்னு யாருமில்லீங்க, நேரமில்லாத வாசகர்தான் இருக்காங்க" என்றார். அரங்கம் கைதட்டியது. பேராசிரியரும் தட்டினார்.

வாழ்க்கை வரலாறு எழுதும்போது அவருக்கு ஒரு கட்டாயம் உண்டு. அந்த மனிதருக்கு ஆகாதவர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் சொன்னதை ஓர் அத்தியாயமாகப் போட வேண்டும். அது இல்லாமல் புத்தகம் அச்சுக்குப் போகாது. "புகழறவங்க சொல்றதுல ஆளே இருக்க மாட்டாரு மச்சான், மாலதான் இருக்கும். ஆவாதவங்கதான் ஒருத்தர நல்லா கவனிச்சு வெச்சிருப்பாங்க" என்பார்.

பெண்ணாடத்துக் கரும்பு விவசாயிகளுக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரைப் பற்றி எழுதியபோது, வரப்புத் தகராறில் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்த பங்காளியைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் திட்டித் தீர்த்தார். கடைசியில், "ஆனா ஆலை வாசல்ல எனக்கும் சேத்துதான் அடி வாங்குனான்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கேமராவை எடுக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்துத் தடுத்தார். பிறகு அந்த அத்தியாயத்தைக் குடும்பத்தார் முன்னால் படித்துக் காட்டினார், அது அவருடைய இன்னொரு கட்டாயம். பாதியில் மூத்த மகன் விருட்டென்று எழுந்து போய்விட்டார். புத்தகம் வந்த பின்பு அதே மகன் பங்காளி வீட்டுக்கு ஒரு பிரதியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம்.

அவரோடு குடித்தனம் நடத்துவது சுலபமில்லை. மங்கலம்பேட்டையில் நடந்த என் மகள் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் தாய்மாமனுக்கும் மேலான மரியாதைக்குரிய இவரைக் காணோம். தேடிப் போனால் அடுப்படியில் சமையல்காரரோடு உட்கார்ந்து, அந்தக் காலத்துப் பந்திகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். "நீதான் ஃபோட்டோ எடுத்திருப்பியே மச்சான், அப்பறமாப் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவருடைய கடைசிப் புத்தகம் பரங்கிப்பேட்டை ஹாஜிரா டீச்சரைப் பற்றியது. வீடு வீடாகப் போய்ப் பேசி, அந்த ஊர்ப் பெண்களைக் கல்லூரிக்கு அனுப்ப வைத்தவர் அவர். புத்தகம் முழுவதும் எழுதியாகிவிட்டது. ஆகாதவர்தான் அகப்படவில்லை. தெருத்தெருவாகக் கேட்டோம். மீன் ஏலம் விடுகிறவர், பள்ளிவாசல் பெரியவர், டீச்சரிடம் அடி வாங்கிய பழைய மாணவிகள் என்று யாரைக் கேட்டாலும், "தங்கமான டீச்சராச்சே" என்றார்கள். ஒரு கடைக்காரர், "செத்துப்போன நல்ல மனுஷியத் திட்டச் சொல்லி ஊர் ஊரா அலையறீங்களே, வேற வேல இல்லியா?" என்று எங்களை விரட்டியே விட்டார். எல்லோரையும்விட அதிகமாகப் புகழ்ந்தவர் டீச்சரின் ஒரே மகள் சபுரா.

பிறகு மாமா தேடுவதை நிறுத்திவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஒரு அத்தியாயம் இல்லாட்டி குடியா முழுகிடும்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். "வரும் மச்சான்" என்பதோடு சரி. புத்தகம் அப்படியே நின்றது, மாமாவும் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுவாரம் பதிப்பாளர் வந்தார். அந்த அத்தியாயம் இல்லாமலே புத்தகத்தைக் கொண்டுவரலாம் என்றார். அக்கா அதுவரை அழவும் இல்லை, சரியாகப் பேசவும் இல்லை. என்னைப் பார்த்து, "அந்த ஒரு பொஸ்தகம் வந்துட்டாப் போதும்டா. நீ சொல்றபடி செய்யலாம்" என்று மட்டும் சொன்னாள். மாமாவின் கட்டாயத்தை மீறி வெளியிடுவதா, அவருடைய கடைசி உழைப்பை அலமாரியில் கிடக்க விடுவதா? பதிப்பாளரிடம் இரண்டு நாள் தவணை கேட்டேன். மனசுக்குள் சரி என்று சொல்லும் பக்கமே சாய்ந்திருந்தேன்.

மறுநாள் சபுரா துக்கம் விசாரிக்க வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்த ஆவாதவங்க நான்தான்" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"பிளஸ் டூல நல்ல மார்க்கு. சிதம்பரத்துல படிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். உம்மா வேணாம்னுட்டாங்க. 'என் பேச்ச நம்பித்தான் அத்தன வூட்லயும் பொண்ணுங்கள அனுப்பறாங்க. என் பொண்ணப் பத்தி ஒரு சொல்லு வந்துட்டா, எல்லாரையும் நிறுத்திடுவாங்க'ன்னாங்க. அந்த வருஷமே எனக்கு நிக்காஹ். ஊர்ப் பொண்ணுங்கல்லாம் காலேஜுக்கு பஸ் ஏறும்போது நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"மாமாகிட்ட ஏம்மா சொல்லல?"

"அவரே கண்டுபுடிச்சிட்டாரு. 'நீங்க எந்தக் காலேஜும்மா?'ன்னாரு. நான் எழுந்து உள்ள போயிட்டேன். அதுக்கப்பறம் அதக் கேக்கவே இல்ல. பெருநாளுக்கு போன் பண்ணி வாழ்த்து சொல்லுவாரு, வெச்சிடுவாரு. ஒரு தடவ நானே, 'பொஸ்தகம் என்னாச்சுண்ணே?'ன்னேன். 'நீங்க சொல்றப்ப முடியும்மா, அவசரமில்ல'ன்னாரு."

தெரிந்தே காத்திருந்திருக்கிறார். என்னிடம் அத்தனை திட்டு வாங்கியபோதும் ஒரு வார்த்தை விடவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. சொல்லாமல் இருந்ததால்தான் இந்தப் பெண் இன்று இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"இதப் போட்டா டீச்சர் பேரு கெட்டுடாதாம்மா?" என்று கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் அவுங்க டீச்சரு. எனக்கு மட்டுந்தான் உம்மா. உம்மான்னா கோவம் இருக்கத்தானே செய்யும்? ஊரோட சேந்து புகழ்ந்து புகழ்ந்து, எனக்கும் அவுங்க டீச்சராவே ஆயிட்டாங்க. இப்ப சொல்லும்போதுதான் உம்மா ஞாபகம் வருது" என்று சொல்லி, அழுதுகொண்டே சிரித்தார். தன் மகள் வெளியூர்க் கல்லூரியில் படிக்கிறாள் என்றும், அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்றும் சொன்னார். "எழுதி முடிச்சிட்டு வாங்கண்ணே. அவ லீவுல வருவா. அவ முன்னாடியே படிங்க."

பதிப்பாளரிடம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு எழுத வராது. சபுரா சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் படித்துப் பார்த்தேன். ஒருவர் திரும்பினார். இது போதும் என்றிருக்கிறது. புத்தகம் வந்துவிடும்.

மாமாவின் புத்தகங்களும் கண்ணாடியும் அக்காவிடம் இருக்கட்டும். அவருடைய கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இறந்தவரைப் பற்றிப் பேச வருகிறவர்களிடம், அவர் எவ்வளவு நல்லவர் என்று எல்லோரும் கேட்கிறோம். அவர் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று மாமா கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை எத்தனை காலமானாலும் பொறுத்திருப்பார். அப்படிக் கேட்க அன்பும் வேண்டும், தைரியமும் வேண்டும். இரண்டும் எனக்குக் குறைவுதான், இருந்தாலும் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அதை அக்காவிடம்தான் கேட்டேன். சபுராவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, மாமா படத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். "அக்கா, மாமா மேல உனக்கு என்ன கோவம்?" என்றேன்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். இத்தனை நாளாக இல்லாத ஒரு வேகம் அவள் முகத்தில் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒக்காருடா மொதல்ல" என்றாள். "இது ஒரு வேளையில முடியற கதையா?"