ஆத்தாளோடு நான் பேசுவது நோயல்ல

டாக்டர் ஃபைலில் எழுதியதை எதிரே உட்கார்ந்தபடி தலைகீழாகவே படித்துவிட்டேன். மத எண்ணங்கள் அதிகம், கோவிலுக்குப் போவதைக் குறைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் பத்தாவது படித்தவள்.

அதற்கு ஆறு மாதம் முன்பு, பட்டினப்பாக்கத்தில் எங்கள் தெருமுனை அம்மன் என்னோடு பேசத் தொடங்கியிருந்தாள். சாப்பிடாதே என்றாள். தூங்காதே என்றாள். கடைசியில் கடலுக்குள் வா என்றாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றவளை, வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கரையேற்றினார்கள். அடையாறில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தேன். மாத்திரையில் குரல் நின்றது. பிறகு மாதாமாதம் அங்கே போய்க் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த வரிய அடிச்சிடுங்க டாக்டர்," என்றேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "உங்க நல்லதுக்குத்தாம்மா. சாமி நெனப்பு அதிகமானா மறுபடியும் வந்துடும்."

"நோவுல கெடந்தப்போ ஆத்தா என்னாண்ட பேசுனா. இப்போ நான் அவளாண்ட பேசறேன். அவ வாயே தொறக்கறதில்ல. ரெண்டும் ஒண்ணா?"

வீட்டுக்காரர் என் முந்தானையை இழுத்தார். "இன்னாமே, டாக்டராண்ட போயி..."

நான் விடவில்லை. "இந்த ஃபைலு இம்மாந்தடி கீது. என்னாண்ட இன்னா கெட்டுப்போச்சின்னு எல்லாம் எழுதிட்டீங்க. இன்னா நல்லா கீதுன்னு ஒரு வரி கீதா?"

அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "இல்லம்மா," என்றார். "சொல்லுங்க, எழுதறேன்."

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. விரலை மடக்கி, "பொய் சொல்ல மாட்டேன்," என்றேன். "கொரலு கேக்குதுன்னு நானாத்தான் சொன்னேன், யாரும் கண்டுபுடிக்கல. மாத்திரையால கை நடுங்கினாலும் சொன்ன தேதிக்கு பிளவுஸு தச்சிக் குடுத்துடுவேன். வார்டுல அழுதுகினு இருந்தவங்கள சிரிக்க வெச்சேன்."

எழுதினார். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழேயே எழுதினார். தமிழில் எழுதச் சொன்னேன், அப்படியே செய்தார். "கோவிலுக்குப் போங்க. ஆனா அம்மன் ஒரு வார்த்த பேசினாலும் அன்னிக்கே எனக்குச் சொல்லணும்," என்றார். ஒப்புக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாவ நம்பறவளுக்கு மாத்திர எதுக்குடி? அவ கோச்சிக்குவா. தூக்கிப் போடு."

சுற்றிலும் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். பர்ஸிலிருந்து அன்றைய மாத்திரையை எடுத்து, அம்மனுக்கு நேரெதிரே நின்று விழுங்கித் தண்ணீர் குடித்தேன்.

"கோச்சிக்கினா அவளே என்னாண்ட சொல்லட்டும். சொன்னான்னா, மொதல்ல டாக்டருக்குத்தான் போன் போடுவேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். நாத்தனார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள், துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, குரல் திரும்ப வந்தது. மெதுவாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பஸ் பிடித்து அடையாறு போனேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கோவிலை விடு என்று சொல்லவில்லை.

அந்த வாரமும் வெள்ளிக்கிழமை போனேன். பயம் இருந்ததால் வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அவர் எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார்.